பேனரில் இருந்த மாமன்

வேல்விழிக்குக் காதுகுத்து எடுப்பதென்றால் உயிர். கல்யாணம் என்றால் கொஞ்சம் யோசிப்பாள். கல்யாண வீட்டில் எல்லாரும் கேமராவுக்கென்றே ஒரு முகத்தைத் தயார் செய்துகொண்டு வருவார்கள். மாப்பிள்ளை மேடையேறும்போதே வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிப்பார், இறங்கும்வரை விடமாட்டார். காதுகுத்தில் அந்தத் தொல்லை இல்லை. குழந்தை வீறிடுகிற நேரத்தில் கூடியிருக்கிற அத்தனை பேருக்கும் தங்கள் முகம் மறந்துபோகும். அதற்காகத்தான் அவள் மீதி நேரமெல்லாம் சீர்வரிசைத் தட்டுகளையும் பந்தி இலைகளையும் பொறுமையாக எடுத்துக்கொண்டிருப்பாள்.

தேனியில் பெரியகுளம் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே அவளுடைய ஸ்டூடியோ. வாசலில் நல்ல பெயர்ப்பலகை இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் தேடி வருவதில்லை. 'காதுகுத்து வேலு' என்று கேட்டால்தான் மருந்துக்கடைக்காரர் மாடிப்படியைக் காட்டுவார். இதில் அவள் கணவர் காமராஜுக்குக் கொஞ்சம் வருத்தம். சொட்டுநீர்ப் பாசனக் குழாய் வியாபாரம் செய்கிறவர் அவர். "ஏதோ நீயே ஊசியும் கையுமா அலையுற மாதிரில்ல இருக்கு" என்பார்.

மதுரையில் விஸ்காம் முடித்ததும் வேல்விழி நேராகப் போனது கொச்சிக்கு. சினிமாக் கேமராக்களை வாடகைக்கு விடும் கம்பெனி. அந்தத் தொழிலில் கேமரா தனியாகப் போகாது. பெட்டியைத் திறக்க, லென்ஸ் மாட்ட, துடைக்க, சாயங்காலம் எல்லாவற்றையும் பத்திரமாகப் போட்டுப் பூட்டக் கம்பெனி ஆள் ஒருவர் கூடவே போக வேண்டும். அந்த ஆளாகத்தான் அவள் பத்து வருசத்துக்குப் பக்கம் ஊர் ஊராகச் சுற்றினாள். கட்ச் உப்புவெளி, லடாக், சிரபுஞ்சி மழை, ஒருமுறை ஜார்ஜியாவில் பனி மூடிய ஒரு மலைக்கிராமம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் அவள் அம்மா, "எம்மக கேமராவுக்குத் தொணைக்குப் போயிருக்கா" என்று சொல்லிச் சமாளிப்பார். வந்தவர்களில் ஒருவர் மட்டும், "கேமராவுக்கு எதுக்குத் தொணை, அதென்ன வயசுப் பிள்ளையா?" என்று கேட்டார். போனில் இதைக் கேட்டுச் சிரித்த வேல்விழி, அந்த ஆளையே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அந்த ஆள்தான் காமராஜ். வேல்விழி தேனிக்குத் திரும்பியது அப்படித்தான். இன்றைக்கும் குமுளி போர்டு போட்ட பஸ் ஒன்று கடந்துபோனால் அவள் கால் சும்மா இருக்காது.

அந்தப் பெரிய செட்டுகளில் ஆட்டோ போக்கஸ் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. போக்கஸ் பார்ப்பதற்கென்றே தனியாக ஓர் ஆள் இருப்பார். டேப்பின் ஒரு நுனியைக் கேமராவில் கொக்கி போட்டு, மறு நுனியை நடிகரின் மூக்குவரை இழுத்து அளப்பார். இங்கே நிற்கிறார், அங்கே வருவார் என்று லென்ஸின் வளையத்தில் குறித்துக்கொண்டு, நடிகர் நடக்க நடக்கக் கையால் வளையத்தைத் திருப்பிக்கொண்டே போவார். சினிமா லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, அதைத் திருப்புவது மனிதக் கைதான். "மெஷின் பாத்து முடிவு பண்ணுற தெளிவெல்லாம் ஒரு தெளிவா" என்று வேல்விழியும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து பேசியவள்தான்.

தேனிக்கு வந்து முதல் காதுகுத்து எடுத்தபோது அந்தப் பேச்சு வற்றிப்போயிற்று. செட்டில் நடிகர் நிற்கிற மாதிரி, இங்கே எந்த மாமனும் தரையில் போட்ட சாக்பீஸ் கோட்டில் நின்று கொடுக்கவில்லை. கேமராவைப் பிடிக்கவும், வளையத்தைத் திருப்பவும், குறுக்கே வருகிற அத்தைகளைக் கெஞ்சி நகர்த்தவும் இருந்தது ஒரே ஆள். அந்த வீடியோவில் தெளிவாக விழுந்தது ஒரு வாழைத்தார் மட்டுமே. ஆட்டோ போக்கஸை ஏசின வாயாலேயே அதைக் கும்பிட வேண்டியதாயிற்று.

சின்னதாக ஒரு டிஜிட்டல் சினிமாக் கேமரா வாங்கினாள். பிறகுதான் அடுத்த தொல்லை. கேமராவின் வாயும் லென்ஸின் அடியும் பொருந்துகிற இடத்துக்கு மவுண்ட் என்று பெயர். ஒவ்வொரு கம்பெனியும் அதை ஒவ்வொரு மாதிரி செய்து வைத்திருக்கிறது. அவளிடம் இருந்தது, பழைய ஸ்டூடியோ ஒன்றிலிருந்து வாங்கிய இரண்டு ஆட்டோ போக்கஸ் லென்ஸ்கள். கூடவே, கொச்சிக் கம்பெனி பழைய சாமான்களைக் கழித்தபோது ஆசையாக எடுத்துவைத்த ஒரு சினிமா லென்ஸ், தூக்கினால் இளநீர்க் காய் கனம். மூன்றில் ஒன்றும் புதுக் கேமராவின் வாயில் நிற்கவில்லை.

தேனி பஜாரில் கேமராக் கடை வைத்திருக்கும் இம்மானுவேல் அண்ணாச்சியிடம் போனார்கள். அவர் மேசை மேல் இரண்டு வளையங்களை எடுத்து வைத்தார். காமராஜ் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"இது நம்ம ரெட்யூசர் அண்ணாச்சி. முக்கால் இஞ்ச் குழாயில அர இஞ்ச் குழாயச் சொருகுறதுக்கு நான் விக்கிறேன்ல."

"அதேதான்யா. நீ தண்ணிக்கு விக்கிற, நான் வெளிச்சத்துக்கு விக்கிறேன்."

"அப்பறம் எதுக்கு ரெண்டு? ரெண்டும் வளையந்தான?"

"உள்ளுக்குள்ள பாரு. இதுல தங்கக் கலர்ல புள்ளி புள்ளியா இருக்கா? அது வழியா கேமரா லென்ஸுகிட்டப் பேசும். மாமன் கிட்ட வர்றாரு, நீ திரும்புன்னு சொல்லும். இது திரும்பும். அந்த இன்னொண்ணு ஊமை. வெறும் இரும்பு. மாட்டலாம், படம் விழுகும், ஆனா ரெண்டுக்கும் பேச்சுவார்த்த கெடையாது."

"எங்க சித்தப்பா வீடும் எங்க வீடும் மாதிரி" என்றார் காமராஜ்.

"இந்தப் புதுக் கேமராவோட லென்ஸ வாங்கிப் பழைய கேமராவுல மாட்ட முடியுமா அண்ணாச்சி?" வேல்விழிக்குப் பதில் தெரியும், காமராஜுக்காகக் கேட்டாள்.

"முடியாது. பழைய லென்ஸு தள்ளி ஒக்காந்தே பாத்துப் பழகுனது. புதுக் கேமரா ஒடம்பு ஒல்லி. நடுவுல எடம் கெடக்கு, வளையத்தப் போடுறோம். மாத்திப் போடணும்னா வளையத்துக்கு எடம் எங்கன இருக்கு?"

பேசுகிற வளையம் ஆட்டோ போக்கஸ் லென்ஸுகளுக்கு, ஊமை வளையம் சினிமா லென்ஸுக்கு. இரண்டையும் வாங்கி வந்தாள். பேசுகிற வளையம் அன்றிலிருந்து கேமராவை விட்டு இறங்கவேயில்லை. ஊமை வளையமும் சினிமா லென்ஸும் பையின் அடியில் துணி சுற்றிக் கிடந்தன. "அந்த லென்ஸு சும்மாதான கெடக்கு தங்கச்சி, போடியில ஒரு ஆளு கேக்குறான்" என்று இம்மானுவேல் அவ்வப்போது நினைவுபடுத்துவார். "பாக்கலாம் அண்ணாச்சி" என்பாள்.

புதுக் கேமராவில் ஒரு வசதி இருந்தது. ஒருவருடைய முகத்தை முன்கூட்டியே அதற்குக் காட்டிப் பதிந்து வைத்துவிட்டால், முந்நூறு பேர் கூட்டத்திலும் அந்த முகத்தையே தேடிப் பிடித்து, அதன் மேலேயே தெளிவை வைத்திருக்கும். மானிட்டரில் அந்த முகத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் வரும். வேல்விழி இதைக் காதுகுத்துக்குத் தோதாகப் பிடித்துக்கொண்டாள். முதல் நாளே மாமனைப் பதிந்துவிடுவாள். மறுநாள் யார் குறுக்கே வந்தாலும் மஞ்சள் கட்டம் மாமனை விடாது. பள்ளத்தாக்கு முழுக்க அவளுக்குப் பெயர் வந்தது இப்படித்தான். "வேலு அக்கா எடுத்தா மாமன் பளிச்சுனு இருப்பாக" என்று கம்பம் வரைக்கும் பேச்சு.

கடமலைக்குண்டிலிருந்து ஹேமாவதி வந்தது வைகாசி கடைசியில். முப்பது வயசு இருக்கும். மகள் திரிஷாவுக்கு ஆனியில் காதுகுத்து. நாற்காலியில் உட்கார்ந்ததும் எத்தனை ஆல்பம், என்ன பாட்டு என்றெல்லாம் கேட்கவில்லை.

"அக்கா, மத்தது எது வந்தாலும் வராட்டியும் எனக்குக் கவலையில்ல. எங்கண்ணன் எம்மகள மடியில வாங்குற நேரத்துல அதோட மொகம் எனக்கு வேணும்."

"அதான நம்ம வேலையே. நீங்களும் பக்கத்துலதான நிப்பீக."

"நிப்பேன். ஆனா நிமிந்து பாக்க மாட்டேன்."

வேல்விழி எழுதுவதை நிறுத்தினாள்.

ஹேமாவதி சொன்னாள். அவளாக விரும்பிக் கட்டிக்கொண்ட கல்யாணம். கூடப் பிறந்தவன் பால்பாண்டி ஒருத்தன்தான், அவன் வரவில்லை. மகாராஷ்டிராவில் நாந்தேடில் முறுக்குக் கம்பெனி வைத்திருக்கிறான். எட்டு வருசமாகப் பேச்சு இல்லை. இவள் புருசன் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததும், வருகிறேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டானாம்.

"வர்றாகல்ல, அப்பறம் என்ன? நிமிந்து பாக்க வேண்டியதுதான?"

"அது மொதல்ல பாக்கட்டும்க்கா. நான் எதுக்குப் பாக்கணும்? எங்கழுத்துல தாலி ஏறுறப்ப அது எங்கன இருந்துச்சு?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "ஆனா அது எப்படிப் பாத்துச்சுன்னு எனக்குத் தெரியணும். கோவமா வந்துச்சா, ஊருக்காக வந்துச்சா, எனக்காக வந்துச்சான்னு அந்த நேரத்துல மொகத்துல தெரிஞ்சுரும். நீங்க பாத்து வச்சிருங்க. நான் அப்பறமா பாத்துக்கிறேன்."

வேல்விழி கேமராவை எடுத்து மேசை மேல் வைத்தாள். "அண்ணன் போட்டோ இருக்கா?"

ஹேமாவதியின் போனில் ஒரே ஒரு படம் இருந்தது. எட்டு வருசத்துக்கு முந்தைய படம். ஒல்லியான ஆள், நெற்றியில் விபூதி, முறுக்கி விட்ட மீசை. போன் திரையைக் கேமராவுக்கு நேரே பிடித்தார்கள். மஞ்சள் கட்டம் மீசையைச் சுற்றி விழுந்தது. பதிந்தாயிற்று என்று கேமரா சொன்னது. ஹேமாவதி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே விடாதுல்ல?"

"விடவே விடாது" என்றாள் வேல்விழி.

ஆனி மாசக் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைக்கணவாய் வழியாக இறங்கி, பந்தல் துணியைப் பிடுங்கி, பந்தியில் அப்பளத்தைப் பக்கத்து இலைக்கு மாற்றிவிட்டுப் போகும். காமராஜின் வேனில் குழாய்ச் சுருள்களுக்கு நடுவே கேமராப் பெட்டிகளை வைத்துக்கொண்டு அவர்கள் கடமலைக்குண்டு குலசாமி கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பந்தலே பறக்கிற மாதிரி படபடத்துக்கொண்டிருந்தது. மூங்கிலில் இழுத்துக் கட்டியும் ஒன்று மட்டும் எல்லாவற்றையும்விட அதிகமாக ஆடியது. அது பேனர்.

மாமன் உட்காரப் போகிற பலகைக்கு நேர் பின்னால், பந்தலின் அகலத்துக்கு நின்றது. 'தாய்மாமன் வருகிறார், தரணியே வழி விடு' என்று மேலே எழுத்து. நடுவில் ஆள் உயரத்துக்குப் பால்பாண்டியின் முகம். நெற்றியில் விபூதி, முறுக்கிய மீசை. கீழே வரிசையாகத் தபால்தலை அளவில் அவன் கூட்டாளிகள் நாற்பது பேர், பாதிப் பேர் காதில் போனோடு.

வேல்விழி அதைப் பார்த்தாள். சிரிப்பாகத்தான் இருந்தது. இது அந்தப் படம்தானே என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. சீர் வருகிற சத்தம் கேட்டதும் வெளியே ஓடினாள்.

கொட்டும் உறுமியும் முன்னால் வர, தட்டுகள் வந்தன. ஆட்டுக்கிடாய் ஒன்று கழுத்தில் மாலையோடு, தனக்கு நடக்கப்போவது தெரியாமல் கம்பீரமாக வந்தது. வேல்விழி மீசையைத் தேடிக்கொண்டே பின்னால் நடந்தாள். வெள்ளை வேட்டியில் தொப்பையும் வழுக்கையுமாக ஒருவர், முகத்தை மழமழவென்று மழித்துக்கொண்டு, பழத்தட்டோடு சரியாகக் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க. மாமன் வரணும்."

அந்த ஆள் தட்டோடு ஒதுங்கி நின்று, தானும் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. பிறகு தயக்கமாகச் சொன்னார்: "நாந்தாம்மா மாமன்."

வேல்விழி மானிட்டரைப் பார்த்தாள். அவர் முகத்தில் மஞ்சள் கட்டம் இல்லை. கேமராவுக்கு அவரை யாரென்றே தெரியவில்லை.

பந்தலுக்குள் வந்து, மாமனைப் பலகையில் உட்காரச் சொல்லி ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கேமராவைத் திருப்பினாள். மஞ்சள் கட்டம் துள்ளிக்கொண்டு வந்தது. வந்து, பலகையில் உட்கார்ந்திருந்த பால்பாண்டியைத் தாண்டிப் போய், பின்னால் பேனரில் இருந்த பால்பாண்டியின் மீசை மேல் உட்கார்ந்துகொண்டது. காற்று பேனரைத் தள்ளத் தள்ள அந்தப் பெரிய முகம் உப்பியது, சுருங்கியது. கேமராவுக்குச் சந்தேகமே இல்லை. காட்டின அதே முகம், அசைகிறது, உயிரோடுதான் இருக்கிறது. நிஜ பால்பாண்டி முன்னால் ஒரு வெள்ளைப் புகையாகக் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

ஹேமாவதியின் போனில் இருந்த படமும் கூட்டாளிகள் போட்ட படமும் ஒன்றுதான். அந்த எட்டு வருசத்தில் அந்த ஆள் ஊர்ப்பக்கம் வந்து வேறு படம் எடுத்துக்கொண்டிருந்தால்தானே.

வெளியே திரிஷாவுக்கு மொட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். மொட்டை முடிந்து குளிப்பாட்டிக் கூட்டிவரும் வரைதான் நேரம். பதிந்த முகத்தை முதலில் அழித்தாள். உடனே மஞ்சள் கட்டம் கீழே இறங்கி, நாற்பது கூட்டாளிகளில் ஒவ்வொருவராகத் தாவித் தாவி நலம் விசாரிக்க ஆரம்பித்தது. முகம் தேடுவதையே நிறுத்தினாள். நடுவில் யார் வந்தாலும் அவர்கள் முதுகில் போய் ஒட்டிக்கொண்டது. சரி, கையாலேயே திருப்புவோம் என்றால், இந்த லென்ஸின் வளையம் அதற்குச் செய்ததில்லை. நகக்கண் அளவு அசைத்தால் மாமனைத் தாண்டிப் பேனருக்குப் போய்விடும், இன்னொரு நகக்கண் அசைத்தால் முன்வரிசை அத்தையிடம் வந்துவிடும்.

பேனர் கட்டிய கூட்டாளிகளில் வீரபாண்டி என்பவர்தான் முன்னால் நின்றார். அவரிடம் போனாள்.

"அண்ணே, ஒரு அர மணி நேரம் மட்டும் இந்தப் பேனர அவுத்துக்கலாமா?"

"ஏம்மா, எதும் எழுத்துப் பெழையா?"

"இல்லண்ணே. கேமரா பேனர்ல இருக்கவரத்தான் புடிக்குது. ஒக்காந்திருக்கவரப் புடிக்கல."

வீரபாண்டி இரண்டு பால்பாண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "கேமராவக் குத்தஞ் சொல்ல முடியாதும்மா" என்றார். "ஆனா அவுக்கச் சொல்லாத. நாப்பது பேரும் மொகம் இருக்குன்னுதான் வேலைய விட்டுட்டு வந்திருக்கானுக."

கேமராவை வேறு பக்கம் வைக்கலாம் என்றால், இடது பக்கம் கோயில் சுவர், வலது பக்கம் சனம். முகம் வேண்டுமென்றால் நேர் எதிரே நின்றாக வேண்டும். நேர் எதிரே நின்றால் பேனர். விடவே விடாது என்று சொன்னவள் வேல்விழிதான். மத்ததெல்லாம் கெட்டாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போன ஹேமாவதி, அங்கே மகளின் ஈரத் தலையில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தாள். பத்தடி தூரத்தில் அண்ணன். அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

வேல்விழி கேமராவைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினாள்.

"கண்ணாடிய ஏத்துங்க. தூசி வரக் கூடாது."

காமராஜ் கண்ணாடிகளை ஏற்றி, போதாததற்கு வேட்டியை விரித்துப் பிடித்தார். "என்னா வேலு, ரெட்யூசர் புடுங்கிருச்சா?"

"இல்ல. ரொம்ப நல்லா வேல செய்யுது. அதான் பிரச்சன. அந்த ஊமைய எடுங்க."

பேசுகிற வளையத்தைக் கழற்றினாள். கேமராவின் திறந்த வாயைக் கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்து, உள்ளே ஒரு துகளும் போகாமல், ஊமை வளையத்தை மாட்டித் திருகினாள். அதன் மேல் அந்தப் பழைய சினிமா லென்ஸ் கனமாக உட்கார்ந்தது. திரையில் லென்ஸ் எதுவும் இல்லை என்று எழுத்து வந்தது. இருக்கிற லென்ஸை இல்லையென்கிறாயே என்று நினைத்துக்கொண்டாள். லென்ஸின் வளையத்தைத் திருப்பிப் பார்த்தாள். தயிர்ப்பானையில் மத்து திரும்புகிற மாதிரி, இறுக்கமாக, மெதுவாக, ஒரே சீராகத் திரும்பியது. வளையத்தைச் சுற்றி அடிக்கணக்கு வெட்டியிருந்தது. ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே விரல் வைக்க இடம் இருந்தது.

"டேப் இருக்கா?"

"குழாய்க் கடக்காரன்கிட்டக் கேக்குற கேள்வியா இது?"

பந்தலுக்குள் காமராஜ் டேப்போடு போனதைப் பார்த்துச் சனம் வழிவிட்டது. கேமராவில் ஒரு நுனியை வேல்விழி பிடித்துக்கொள்ள, அவர் மறு நுனியை இழுத்துக்கொண்டு போய்ப் பால்பாண்டியின் மூக்கருகே நிறுத்தினார்.

"என்னங்க இது, மாமனுக்குப் பேண்ட் தைக்கப் போறீகளா?" என்று ஒரு குரல் வந்தது.

"இல்ல ஆத்தா, சொட்டுநீர் போடுறோம்" என்றார் காமராஜ். "மாமா, அப்படியே இருங்க. மூக்க ஆட்டாதீக."

பால்பாண்டி மூக்கை ஆட்டாமல், கண்ணை மட்டும் இடது பக்கம் நகர்த்தினார். அங்கே சந்தனக் கிண்ணத்தோடு ஹேமாவதி குனிந்திருந்தாள். டேப் அவர் மூக்கிலிருந்து சுருண்டு போகும்வரை அந்தக் கண் திரும்பவில்லை.

அளவு வந்ததும், லென்ஸில் குறிக்கப் பென்சிலைத் தேடினாள். செட்டுகளில் அதற்கென்று வெள்ளை நாடா ஒட்டியிருப்பார்கள். இங்கே கைக்கு எட்டியது ஆரத்தித் தட்டுதான். குங்குமத்தை விரல் நுனியில் தொட்டு, வளையத்தில் அந்த அடிக்கு நேரே ஒரு பொட்டு வைத்தாள்.

கொட்டுச் சத்தம் ஏறியது. குழந்தையைத் தூக்கி வந்தார்கள். பட்டுப்பாவாடையில், மொட்டைத் தலையில் வழிகிற சந்தனத்தோடு, திரிஷா ஏற்கெனவே சந்தேகத்தோடு எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வேல்விழி பட்டனை அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் பார்த்தாள், வளையம் பொட்டைத் தாண்டி நின்றது. திரையில் பேனர் மாமன் மீசையோடு பளிச்சென்று இருந்தார். முன்னால் எல்லாமே கரைந்த நிறங்கள்.

நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்க நேரமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, குங்குமப் பொட்டை நோக்கி வளையத்தைத் திருப்பினாள். அவசரப்படவில்லை, அவசரப்பட்டால் தாண்டிவிடும். மீசை கரைந்தது. விபூதி கரைந்தது. 'தரணி' கரைந்தது. நடுவில் ஒன்றுமே தெளிவாக இல்லாமல் கொஞ்ச நேரம். பிறகு அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து ஒரு வழுக்கை, ஒரு காது, மழித்த கன்னம், கடைசியில் கண்கள் வந்து சேர்ந்தன. பொட்டு நேராக வந்து நின்றது.

பால்பாண்டி மருமகளை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கும்போது அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. குழந்தையை அவர் மடியில் விட்ட கைகளைப் பார்த்தார், கைகளுக்கு மேலே குனிந்த தலையைப் பார்த்தார். ஹேமாவதி தலையை நிமிர்த்தாமல் பின்னால் நகர்ந்தாள். அவர் பார்வை அந்த வகிட்டு மேலேயே கூடப் போனது. ஏதோ சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டது. ஆசாரி காதருகே ஊசியைக் கொண்டுபோனார். திரிஷா வீறிட்டாள். பால்பாண்டியின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டுப் பின்னால் சாய்ந்தது. குங்குமப் பொட்டின் கணக்கு அதோடு முடிந்துவிட்டது. மிச்சத்தை வேல்விழி கையாலேயே பார்த்தாள். அவர் சாய்ந்தால் இவள் விரல் சாய்ந்தது, அவர் குனிந்து குழந்தையின் காதில் ஊதினால் இவள் விரலும் கூடவே வந்தது. ஓரிரு இடத்தில் தவறி, மறுபடி பிடித்தது. செட்டில் என்றால் இன்னொரு டேக் என்று சொல்லியிருப்பார்கள்.

பந்தி நடக்கும்போது வேனில் உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. இம்மானுவேல்.

"தங்கச்சி, அந்தப் போடி ஆளு வந்திருக்கான். ஊமை வளையமும் லென்ஸும் குடுக்கிறியா?"

"இல்ல அண்ணாச்சி."

"சும்மாதான கெடக்கு."

"இன்னைக்குக் கெடக்கல" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வேன் கதவைத் தட்டினாள் ஹேமாவதி. கையில் கறிக் குழம்பு வாளி, சேலையை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தாள். உள்ளே ஏறி, குழாய்ச் சுருள் மேல் உட்கார்ந்து, வாளியைக் காலருகே வைத்தாள்.

"கெடச்சுச்சாக்கா?"

"ஆரம்பத்துல கொஞ்சம் பேனர் விழுந்திருச்சு" என்றாள் வேல்விழி. மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "அங்கங்க கலங்கவும் செய்யுது. பாருங்க."

சின்னத் திரையில் மீசைக்காரன் தெளிவாக இருந்தான். ஹேமாவதி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருசமாக அவள் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தது அந்த மீசைக்காரனோடுதான். அவன் கரைந்து போனான். இந்த ஆள் வந்தார். அவர் எங்கே பார்க்கிறார் என்று புரிந்ததும் ஹேமாவதியின் விரல் தானாகப் போய்த் தன் வகிட்டைத் தொட்டது.

"என்னைத்தான் பாக்குது" என்றாள்.

வேல்விழி திரையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டாள். அந்த வாய் திறந்து மூடிக்கொள்கிற இடம் வந்ததும் ஹேமாவதி மூக்கை உறிஞ்சினாள்.

"குண்டாயிருச்சு" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வேன் கண்ணாடி வழியாகப் பந்தி தெரிந்தது. இலை இலையாகக் குழம்பு ஊற்றிக்கொண்டே போனவள் பால்பாண்டியின் இலைக்கு வந்ததும் நின்றாள். அவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்டி நகராததைப் பார்த்து நிமிர்ந்தார்.

"மீசைய எதுக்கு எடுத்த?" என்றாள் ஹேமாவதி. இறக்கின கண்ணாடி வழியாகக் காற்று அதை வேன் வரைக்கும் கொண்டுவந்தது.

பால்பாண்டிக்கு வாய் நிறையச் சோறு. விழுங்கிவிட்டுச் சொன்னார்: "முறுக்கு மாவு ஒட்டுது ஆத்தா."

"நல்லாவே இல்ல."

"வச்சிருவோம்."

"மொதல்ல வச்சுட்டு, அப்பறம் வேற போட்டோ எடு. பேனர்ல எவனோ இருக்கான்" என்று சொல்லி, இரண்டு கரண்டி கறியை அள்ளி அவர் இலையில் போட்டாள். அடுத்த இலைக்கு நகரவில்லை. அங்கேயே வாளியை வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

காமராஜ் வேன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஏத்தா, அங்கன அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணா ஒக்காந்திருக்காக. போய் எடுக்கலயா?"

வேல்விழி கட்டைவிரலைப் பார்த்தாள். குங்குமம் இன்னும் போகவில்லை.

"வேணாங்க. அவுகளே பாத்துக்கிட்டாக" என்றாள். லென்ஸுக்கு மூடியைப் போட்டாள். "வாங்க, நம்மளும் சாப்பிடுவோம். கறி காலியாயிரப் போகுது."